ஜல்லிக்கட்டு வழக்கைத் தொடுத்தது பீட்டா மட்டுமா?

ஜல்லிக்கட்டுக்கு 2014இல் உச்ச நீதிமன்றத்தில் தடை வாங்கியது விலங்குரிமை அமைப்பான பீட்டா மட்டுமே என்று பொங்கலையொட்டிப் பரவும் செய்தி சரியன்று. அவ்வழக்கின் முதன்மை மேல்முறையீட்டாளர், 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட இந்திய விலங்குகள் நல வாரியம். பீட்டாவும் அதனுடன் வழக்காடியது. காட்சிப்படுத்தவோ பயிற்றுவிக்கவோ கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையை 2011இல் சேர்த்த மத்திய அரசின் அறிவிக்கையே அவர்களுடைய வாதத்துக்கு வலுவான பிடிமானமாக அமைந்தது என்பதை, பீட்டாவை மட்டும் சாடுவோர் ஏனோ பேசுவதில்லை. சட்டமன்றத்தில் ஆதரவு திரட்ட இயலாத குழுக்கள், நடைமுறையில் உள்ள சட்டத்தின் ஒரு பிரிவைப் பற்றிக்கொண்டு நீதிமன்றத்தை நாடுவது பழகிய உத்திதான். ஆனால் அந்த வெற்றி நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை. தடைக்கு எதிரான போராட்டத்துக்குப் பின், ஜல்லிக்கட்டை அனுமதித்து 2017இல் தமிழ்நாடு இயற்றிய திருத்தச் சட்டத்தை எதிர்த்த வழக்குகளில், அச்சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 மே 18 அன்று தீர்ப்பளித்தது.