இரண்டு சீற் காரும் நாலு பங்கு வள்ளமும்

மாமி: சரி, ரொறன்ரோவில் வள்ளம் வாங்கப் போகிறாய். வலை எத்தனை துண்டு போடப் போகிறாய்?

மருமகன்: வலை இல்லை மாமி.

மாமி: அப்ப தூண்டிலோ? இந்த வயதில் தூண்டிலோடு குந்தியிருக்கப் போகிறாயோ?

மருமகன்: தூண்டிலும் இல்லை. சும்மா போவது, வருவது.

மாமி: எங்கே போவது?

மருமகன்: ஏரிக்குள் மாமி. நடுவில் போய் இஞ்சினை நிற்பாட்டிப் போட்டுக் கொஞ்ச நேரம் இருப்பது. பிறகு கரைக்கு வருவது.

மாமி: ஏன், இஞ்சின் பழுதோ?

மருமகன்: பழுதில்லை. வேண்டுமென்றுதான் நிற்பாட்டுவது.

மாமி: நடுக்கடலில் இஞ்சின் நின்றால் நாங்கள் மாதாவைக் கூப்பிடுகிறோம். நீ காசு கொடுத்து நிற்பாட்டுகிறாய்.

(யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கரை. மாமி வலையில் இருந்து மீன் கழற்றிக்கொண்டிருக்கிறார். வள்ளம் அவருடையது, கணக்குக் கொப்பியும் அவருடையது. மருமகன் ரொறன்ரோவில் இருந்து விடுமுறைக்கு வந்தவர். கழற்ற உதவி செய்யவில்லை, வெள்ளைச் சப்பாத்துப் போட்டிருக்கிறார்.)

மருமகன்: தனியாக வாங்கவில்லை மாமி. நாலு சிநேகிதர் சேர்ந்து பங்குக்கு வாங்குகிறோம்.

மாமி: அப்படிச் சொல்லு! பங்குத் தொழில் என்றால் பிழையில்லை. வள்ளத்துக்கு எத்தனை பங்கு?

மருமகன்: வள்ளத்துக்குப் பங்கோ?

மாமி: எண்ணெய்க் காசைக் கழித்துப் போட்டு மிச்சத்தைத்தானே பிரிக்கிறது? வள்ளத்துக்கும் இஞ்சினுக்கும் ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போகிற ஆட்களுக்கு ஆளுக்கொரு பங்கு. இதைக்கூட கொப்பர் சொல்லித் தரவில்லையோ?

மருமகன்: எங்களுடையது அந்தப் பங்கில்லை. நாலு பேரும் சமமாகக் காசு போடுவோம்.

மாமி: போடுவது விளங்குகிறது. எடுப்பது?

மருமகன்: எடுப்பது இல்லை.

மாமி: முதல் வருடம் இல்லை, சரி. பிறகு?

மருமகன்: பிறகும் போடுவதுதான். வாங்கின விலையில் பத்தில் ஒரு பங்கு வருடா வருடம் பராமரிப்புக்குப் போகும் என்று அங்கே ஒரு கணக்குச் சொல்வார்கள்.

மாமி: அப்ப பத்து வருடத்தில் இன்னொரு வள்ளம் வாங்குகிற காசு.

மருமகன்: ஓம்.

மாமி: அந்த இரண்டாவது வள்ளம் எங்கே?

மருமகன்: அது வள்ளம் இல்லை மாமி, செலவு.

மாமி: நீ சொல்வதைப் பார்த்தால் முதலாவதும் செலவுதான்.

(இந்த இடத்தில் எழுதுகிறவர் குறுக்கே வருகிறார். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் தங்கள் சாமான்களின் விலையைச் சொன்னால் கேட்டுக்கொண்டிருக்கலாம், பெருமை யாருக்குத்தான் இல்லை. அந்தச் சாமானை வைத்துப் பார்க்கிற கஷ்டத்தைச் சொல்லி, வலை பொத்துகிற மனிசியிடம் அனுதாபம் எதிர்பார்க்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. தொடரட்டும்.)

மருமகன்: உங்களுக்குத் தெரியாது மாமி, அங்கே எவ்வளவு கரைச்சல் என்று. மே மாதம் இறக்கினால் ஒக்டோபர் வரைதான். பிறகு ஏரி உறைந்து விடும். இஞ்சினுக்குள் கொஞ்சத் தண்ணீர் நின்றாலே உறைந்து விரிந்து இரும்பை வெடிக்கப் பண்ணிவிடும். அதனால் முழுதாக வடித்து, உறையாத திரவம் விட்டு, வள்ளத்தைக் கரைக்குத் தூக்கி, பிளாஸ்டிக்கால் மூடி, சூடு காட்டி இறுக்கி வைக்க வேண்டும். தூக்கக் காசு, மூடக் காசு, வைக்கிற இடத்துக்குக் காசு.

மாமி: செத்த வீட்டுச் செலவு மாதிரியெல்லோ இருக்கிறது.

மருமகன்: வருடா வருடம்!

மாமி: அந்த ஆறு மாதமும் மீனுக்கு என்ன செய்கிறது?

மருமகன்: மாமி, மீனே இல்லை என்று சொன்னேனே.

மாமி: ஏரியில் மீன் இல்லையோ?

மருமகன்: ஏரியில் கனக்க இருக்கிறது. சிம்கோ ஏரி பனிக்கால மீன்பிடிக்குப் பெயர் போனது. உறைந்த பிறகு சனம் அதற்கு மேலே நடந்து போய், ஓட்டை போட்டு, சின்னக் குடில் அடித்து, கதிரையில் இருந்துகொண்டு பிடிப்பார்கள்.

மாமி: பொறு, பொறு. வள்ளம் இல்லாத சனம் நடந்து போய் மீன் பிடிக்கிறது.

மருமகன்: ஓம்.

மாமி: வள்ளம் வைத்திருக்கிற நீ அதை மூடிக் கட்டிப் போட்டு, கடையில் மீன் வாங்குகிறாய்.

மருமகன்: அப்படிச் சொன்னால்...

மாமி: அந்த ஓட்டை போடுகிற சாமான் என்ன விலை?

மருமகன்: அதுவோ? அது மலிவு. கையால் சுற்றுகிறதும் இருக்கிறது.

மாமி: அதை வாங்கு. அதற்கு நாலு பேர் பங்கும் வேண்டாம்.

மருமகன்: அப்ப காரையே விற்காமல் வைத்திருக்கச் சொல்கிறீர்களோ? காரைக் கொடுத்துத்தான் வள்ளத்தில் பங்கு எடுப்போம் என்று நினைத்தேன்.

மாமி: எந்தக் கார்? கைத்தொலைபேசியில் காட்டினாயே, சிவப்பாக, தட்டையாக, அதுவோ?

மருமகன்: ஓம். ஸ்போர்ட்ஸ் கார்.

மாமி: எத்தனை பேர் ஏறலாம்?

மருமகன்: இரண்டு பேர்.

மாமி: பின்னுக்கு?

மருமகன்: பின்னுக்கு இஞ்சின்.

மாமி: அப்ப முன்னுக்கு?

மருமகன்: முன்னுக்குச் சின்ன டிக்கி. இரண்டு பை வைக்கலாம்.

மாமி: மீன் பெட்டி?

மருமகன்: மாமி!

மாமி: சரி, மீனை விடு. கொப்பரும் கொம்மாவும் கோயிலுக்குப் போக வேண்டும் என்றால்?

மருமகன்: ஒரு ஆளைக் கொண்டு போய் இறக்கி விட்டு, மற்ற ஆளை ஏற்ற வருவேன்.

மாமி: இங்கே ஓட்டோவில் மூன்று பேர் ஒன்றாகப் போகிறோம்.

மருமகன்: இது அதற்கான வாகனம் இல்லை. வேகத்துக்கு. முன்னூறு போகும்.

மாமி: போக விடுவார்களோ?

மருமகன்: பெருந்தெருவில் 100. சில துண்டுகளில் 110.

மாமி: அதற்கு மேல் ஓடினால்?

மருமகன்: தண்டம். 150 ஓடிப் பிடிபட்டால் அந்த இடத்திலேயே காரைப் பறித்து 14 நாள் வைத்திருப்பார்கள்.

மாமி: அப்ப முன்னூறுக்குக் காசு கொடுத்து, நூறு ஓடுகிறாய். மிச்சம் இருநூறும் யாருக்கு?

மருமகன்: அது ஒரு சந்தோசம் மாமி, காலுக்குக் கீழே இருக்கிறது என்கிற நினைப்பு. ஆனால் செலவுதான் தாங்க முடியவில்லை. முன் ரயர் ஒரு அளவு, பின் ரயர் வேறு அளவு, மாற்றிப் போட்டுச் சமாளிக்க ஏலாது. தேய்ந்தால் புதிதுதான். அதுவும் ஏழு பாகைக்குக் கீழே குளிர் போனால் அந்த ரயர் இறுகிப் போய் றோட்டைப் பிடிக்காது. ஆகவே பனிக்காலம் முழுக்கக் கார் கராஜுக்குள். பற்றறி இறங்காமல் மின்சாரம் கொடுத்தபடி.

மாமி: அப்ப பனிக்காலத்தில் வள்ளமும் ஓடாது, காரும் ஓடாது. வேலைக்கு எதில் போகிறாய்?

மருமகன்: அதற்கு ஒரு பழைய கொரோலா இருக்கிறது.

மாமி: அது பனியில் ஓடுமோ?

மருமகன்: ஓடும்.

மாமி: வெயிலில்?

மருமகன்: ஓடும்.

மாமி: எத்தனை பேர்?

மருமகன்: ஐந்து.

மாமி: மீன் பெட்டி வைக்கலாமோ?

மருமகன்: ...வைக்கலாம்.

மாமி: வந்த நாள் தொடக்கம் அந்தக் காரைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை நீ.

மருமகன்: அதில் கதைக்க என்ன இருக்கிறது மாமி? பேசாமல் ஓடுகிறது.

மாமி: ஓம். பேசாமல் ஓடுகிறதைப் பற்றி யார் கதைக்கிறது. சரி, உந்தச் சிவப்புக் கார் மண்ணெண்ணெயில் ஓடுமோ?

மருமகன்: (சிரிக்கிறார்) ஒக்ரேன் 91க்குக் குறைந்த பெற்றோல் விட்டாலே அதற்குச் சரிவராது.

மாமி: சிரிக்காதே. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை என்று ஒரு சொட்டுப் பெற்றோலும் இங்கே வராத நேரம், நீ பிறக்கக் கொம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது ஒரு ஒஸ்ரின் காரில். சின்னப் போத்தலில் மருந்து போல வைத்திருந்த பெற்றோலில் கொஞ்சம் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினது. ஊரெல்லாம் புகை. உள்ளுக்கு நாங்கள் ஏழு பேர், வயிற்றுக்குள் இருந்த உன்னையும் சேர்த்தால் எட்டு.

மருமகன்: அது அந்தக் காலம்.

மாமி: எந்தக் காலம்? இந்த வள்ளத்து இஞ்சினும் இப்பவும் அப்படித்தான். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம்.

மருமகன்: அங்கே வள்ளத்துக்கு எண்ணெய்க் கணக்கு கிலோமீற்றருக்கு இல்லை மாமி, மணித்தியாலத்துக்கு. காரை விடக் குடிக்கும். போன கோடையில் சிநேகிதன் ஒருவனின் வள்ளத்தில் ஒரு சுற்றுப் போய் வந்து, எண்ணெய் அடித்த துண்டைப் பார்த்து எல்லாருக்கும் முகம் கறுத்து விட்டது.

மாமி: 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஏற்றினார்கள். ஒரே தரம். அந்த மாதம் இங்கேயும் வள்ளத்தைக் கரையில் ஏற்றிப் போட்டோம். பனி கொட்டவில்லை.

(மருமகன் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் சட்டைப் பைக்குள் வைக்கிறார்.)

மருமகன்: வள்ளம் ஓட்டுகிறதுக்கு அங்கே ஒரு அட்டையும் எடுக்க வேண்டும். பரீட்சை வைப்பார்கள். நான் ஏற்கெனவே எடுத்து விட்டேன்.

மாமி: கெட்டிக்காரன். சோளகக் காற்று எப்ப தொடங்கும் என்று கேட்டார்களோ?

மருமகன்: இல்லை. எதிரே வள்ளம் வந்தால் எந்தப் பக்கம் விலத்துவது, உயிர்காப்பு அங்கி எத்தனை வைத்திருக்க வேண்டும், அப்படி.

மாமி: றோலர், அதுதான் இழுவைப் படகு, வந்தால் எந்தப் பக்கம் விலத்துவது?

மருமகன்: அது கேட்கவில்லை.

மாமி: இங்கே விலத்துகிற பக்கம் ஒன்றுதான். கரை. திங்கள், புதன், சனி இரவென்றால் எங்கள் ஆட்கள் வலை போடப் பயப்படுவார்கள். இந்தியப் பக்கத்தில் இருந்து றோலர்கள் வருகிற நாட்கள் அவை. வந்தால் அடியில் கிடக்கிறதெல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும், எங்கள் வலையையும் சேர்த்து. இழுவை மடி கூடாது என்று இந்த நாட்டில் 2017 இல் சட்டம் போட்டார்கள். சட்டத்துக்கு நீந்தத் தெரியாது, கரையில் நிற்கிறது.

மருமகன்: பாவம்தான் மாமி. ஆனால் உங்களுக்கு ஒரு லாபம். வள்ளம் கட்டுகிற இடத்துக்குக் காசில்லை. அங்கே அடிக்கு இவ்வளவு என்று நீளத்தை அளந்து வாடகை வாங்குவார்கள்.

மாமி: அந்தப் பக்கம் பார். துறைமுகத்துக்குள் வரிசையாக நிற்கிறது, தெரிகிறதோ?

மருமகன்: பெரிய வள்ளங்கள். யாருடையது?

மாமி: நேவி பிடித்துக் கொண்டுவந்து கட்டின றோலர்கள். நீளத்தை யாரும் அளக்கவில்லை, வாடகை ஒரு சதமும் இல்லை. சிலது கட்டின இடத்திலேயே தாண்டு போகிறது. 1990 இல் இந்த ஊரை விட்டு வெளிக்கிட்டோம், 2017 இல்தான் திரும்ப விட்டார்கள். இருபத்தேழு வருடம் எங்கள் துறையில் எங்கள் வள்ளம் கட்டவில்லை. வந்து பார்த்தால் கட்ட இடமில்லை.

மருமகன்: வலைக்குக் காப்புறுதி இல்லையோ?

மாமி: உன் காரில் யாராவது கீறினால்?

மருமகன்: காப்புறுதி தரும். கமெராவும் பூட்டியிருக்கிறேன், கீறினவனைப் பிடிக்கலாம்.

மாமி: எங்களுக்குக் கமெரா தேவையில்லை. அறுத்தது எங்கள் இடத்தில்தான் கட்டி நிற்கிறது.

(கொஞ்ச நேரம் மீன் கழற்றுகிற சத்தம் மட்டும். மருமகன் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று யோசிக்கிறார். யோசித்திருக்கக் கூடாது.)

மருமகன்: யோசித்துப் பார்த்தால் மாமி, உங்களுக்கும் எனக்கும் ஒரே பிரச்சினைதான். எண்ணெய், இஞ்சின், பராமரிப்பு. வள்ளம் வைத்திருக்கிற எல்லாருக்கும் கஷ்டம்தான்.

மாமி: ஓம் ராசா, ஒன்றுதான். நான் ஒரு கிழமை வள்ளத்தை இறக்காவிட்டால் அடுப்பு எரியாது. நீ ஒரு கிழமை இறக்காவிட்டால்?

மருமகன்: ...காசு மிஞ்சும்.

மாமி: விற்றாலும்?

மருமகன்: இன்னும் மிஞ்சும்.

மாமி: வாங்காமலே விட்டால்?

மருமகன்: விளங்குகிறது மாமி. அதை விடுங்கள். அந்த விளைமீன் நல்ல வடிவாக இருக்கிறது. இரவுக்கு இரண்டைத் தாருங்கோவன்.

மாமி: தரலாம். உங்கள் ஊர்ப் பங்கு முறைப்படியே செய்வோம். நீ காசைப் போடு.

மருமகன்: எவ்வளவு?

மாமி: வருடா வருடம் போடு. எடுப்பது இல்லை.

மருமகன்: அப்ப மீன்?

மாமி: இப்பதானே நீ மீனைப் பற்றிக் கேட்கிறாய்! விளைமீன் கொழும்புக் கூலர் லொறிக்கு. சூடை மீன் இருக்கிறது. அந்தச் சப்பாத்தைக் கழற்றிப் போட்டு வந்து குந்து, கழற்றினது உனக்கு.