இருட்டுக் காட்சியும் கருநிற முகமும்
குறைந்த செலவுப் பேய்ப்படங்களில் கறுப்பின நாயகர்கள் 2017-இல் வந்த 'கெட் அவுட்'டுக்குப் பிறகுதான் தலைகாட்டினார்கள் என்று இங்கே வெளியான கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 1968-இலேயே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துப் பக்கம் சுமார் 1,14,000 டாலரில் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தின் நாயகன் கறுப்பின நடிகர் டுவேன் ஜோன்ஸ். முரட்டு லாரி ஓட்டுநருக்கென எழுதியிருந்த வசனத்தை மாற்றிப் பேசியவரும் அவரே. பாத்திரத்தின் மிடுக்கு அதில் வந்ததுதான். கட்டுரைக்கு மேலே கருத்து எழுதிய ஒருவர், கறுப்பின நடிகரைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது என்கிறார். அதோடு முடிந்துவிடாது, சின்னப் படங்கள் கோட்டைவிடுவது ஒளியமைப்பில். இரண்டே விளக்கோடு இரவுக் காட்சி எடுக்கும்போது வெளிர்நிற நடிகருக்கு ஏற்றபடி எக்ஸ்போஷர் (கேமரா வாங்கும் ஒளியின் அளவு) வைத்தால், பக்கத்தில் நிற்கும் கருநிற நடிகரின் முகம் இருட்டோடு போய்விடும்; பிறகு கலர் கிரேடிங்கில் (எடுத்த படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்தும் வேலை) முகத்தின் வெளிச்சத்தைத் தூக்கினால் நாய்ஸ் எனும் இரைச்சல் புள்ளி புள்ளியாகக் கிளம்பும். நேர் விளக்கை விட்டுவிட்டு, நாலடி தெர்மாகோலில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பக்கவாட்டில் கொடுங்கள்; தோலின் பளபளப்பே முகத்தை வரைந்துவிடும். அதனால் பளபளப்பை அடக்கும் மேட் பவுடர் வேண்டாம், லேசாக மாய்ஸ்சரைசர் போதும். வெளிர்நிற நடிகர் பக்கம் மட்டும் விளக்கின் முன் ஒரு நெட் (ஒளியைக் குறைக்கும் வலைத்துணி) வைத்து அரை ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). பின்சுவரில் கொஞ்சம் நீல ஒளி விழுந்தால் தலைமுடியின் விளிம்பும் பிரிந்து தெரியும்.