எம்.ஐ.ஏ ஒஸ்கார் வெல்லேல்ல, நொமினேஷன் மட்டும்தான்

எங்கட திருகோணமலை வட்ஸ்அப் குரூப்புகளில ரெண்டு நாளா ஒரு போஸ்ட் சுத்துது, பாடகி எம்.ஐ.ஏ யாழ்ப்பாணத்தில பிறந்து ஒஸ்காரும் கிரமியும் வென்ற ஈழத்தமிழச்சி எண்டு. டச் பே கடற்கரையில கச்சான் கொறிச்சுக்கொண்டு இருக்கேக்க மச்சாள் போனை நீட்டிக் காட்டினா, படத்தில அவவின்ர கையில தங்கச் சிலை வேற, வெட்டி ஒட்டினது, விரல் நுனி ரெண்டு காணேல்ல.

நடந்தது இதுதான். 2009 ஒஸ்காரில சிறந்த பாட்டுக்கு மூண்டே மூண்டு பாட்டுத்தான் போட்டியில, அதில ரெண்டு 'ஸ்லம்டோக் மில்லியனேர்' படத்தில வந்தது, ஒண்டு 'ஜெய் ஹோ', மற்றது ரஹ்மானும் எம்.ஐ.ஏயும் சேர்ந்து செய்த 'ஓ சாயா'. வென்றது 'ஜெய் ஹோ', விருது ரஹ்மானுக்கும் பாட்டெழுதின குல்சாருக்கும்.

கிரமிக் கதையும் பிழை. அதே வருஷம் அவவின்ர 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டு சிறந்த ரெக்கோர்ட் பிரிவில நொமினேட் ஆனது, கிடைக்கேல்ல. ஆனா அண்டைக்கு நிறைமாத வயித்தோட மேடையேறிப் பாடினவ, அது உண்மை, எனக்கு இப்பவும் அதைப் பாத்தா கண் கலங்கும். பிறந்ததும் யாழ்ப்பாணத்தில இல்ல, லண்டனில, 1975இல, கைக்குழந்தையாத்தான் இலங்கைக்குக் கொண்டு வந்தவை.

போஸ்டை பகிர்ந்த ஆக்கள் தயவுசெய்து திருத்திப் போடுங்கோ.