எதிரே நிறுத்திக் கேட்டால் பிள்ளை பேசாது

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையை நிறுத்தி, "என்னல, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பதுதான் பதில். மறுபடி கேட்டால் அழுகை, இல்லையென்றால் எரிச்சல். போலீஸ் விசாரணை மாதிரி கேட்டால் பெரியவர்களே வாய் திறக்க மாட்டோமே!

பிள்ளையின் கைக்கு ஒரு விளையாட்டைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள் என்பேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பரணில் ஆச்சியின் பல்லாங்குழி கிடந்தது. இறக்கி, குழிக்கு ஐந்து புளியமுத்து போட்டு, ஒரு விதியையும் சேர்த்தோம். வெறுங்குழியைத் தடவி அடுத்த குழி முத்தை அள்ளுகிறவர், தன் மனசில் இருப்பதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சந்தோஷமோ, கோபமோ, எதுவானாலும் சரி.

என் தங்கை மகன் முதலில் தின்பண்டத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தான். அப்புறம் ஒரு நாள், குழியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "மழை இருட்டிக்கிட்டு வந்தா வயித்துக்குள்ள என்னமோ செய்யுது பெரியம்மா" என்றான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவர்கள் வீட்டுக்குள் தாமிரபரணி புகுந்தது. சேற்றை அள்ளினோம், நனைந்த பத்திரங்களை வெயிலில் காய வைத்தோம். பிள்ளைகள் மனசில் என்ன கிடக்கிறது என்று இந்தப் பக்கம் எத்தனை வீட்டில் கேட்டிருப்பார்கள்?

"ஆம்பளப் பிள்ளை பயப்படலாமா" என்று யாராவது சொல்லியிருந்தால் பேச்சு அதோடு நின்றிருக்கும். அவன் அம்மாவோ, "எனக்குந்தாம்ல பயம். ராத்திரி மழை பெஞ்சா எந்திரிச்சு வாசலைப் பாத்துட்டுதான் படுப்பேன்" என்றாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஆட்டம் தொடர்ந்தது.

பெரியவர்களும் தங்கள் முறை வரும்போது உண்மையைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வின்னிகாட், தன்னிடம் வரும் பிள்ளைகளோடு கிறுக்கல் விளையாட்டு ஆடுவார். அவர் ஒரு கோடு கிறுக்குவார், பிள்ளை அதைப் படமாக்கும். பிறகு பிள்ளை கிறுக்கும், அவர் படமாக்குவார். டாக்டருக்கும் முறை உண்டு என்பதுதான் எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது. நமக்கு ஒரு பென்சிலும் பழைய நோட்டும் போதும்.

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் அம்மாக்களுக்குச் சுளவை விட்டு எழுந்திருக்கவே நேரம் கிடையாது. பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை தட்டாங்கல் ஆடட்டும். கல்லைத் தவறவிட்டால் பிள்ளை ஒன்று சொல்லட்டும், கட்டு முடிந்தால் அம்மா ஒன்று சொல்லட்டும்.

ஆட்டத்தில் சொன்னதை மறுநாள் சண்டையில் குத்திக்காட்டாதீர்கள், சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்காதீர்கள். யாராவது அடிக்கிறார்கள், தொடுகிறார்கள் என்று பிள்ளை சொன்னால் அப்போதே ஆட்டத்தை நிறுத்திவிட்டு குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கூப்பிடுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போயிருந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள்.