டியான் சாண்டர்ஸ் ஜாக்சனை ஏமாற்றினாரா?

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கும் நம் ஆட்கள் நாலு பேர் கூடினால் டியான் சாண்டர்ஸ் பேச்சு வராமல் இருக்காது. வந்தால் சண்டையில்தான் முடியும். பெரிய ஆட்டக்காரராக இருந்து கோச்சானவர் அவர். ஜாக்சன் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியின் அணிக்குக் கோச்சாக இருந்துவிட்டு, கொலராடோ பல்கலைக்கழகத்துக்குப் போனவர். ஜாக்சன் ஸ்டேட்டை ஏணியாக்கி ஏறிப் போய்விட்டார் என்று ஒரு கட்சி. அந்த மூன்று வருஷத்தில் வேறு யார் இவ்வளவு செய்தார்கள் என்று இன்னொரு கட்சி. நான் ரொம்ப நாள் முதல் கட்சியில் இருந்தவன். இப்போது இல்லை. ஏன் மாறினேன் என்று எழுதத் தோன்றியது.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாண்டர்ஸ் ஆடியது கார்னர்பேக் இடத்தில். பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணிக்காரனை ஒட்டிக்கொண்டே ஓடி, பந்து அவன் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. அவர் நிற்கும் பக்கம் பந்தை எறியவே எதிரணிகள் யோசித்தன. 1989இல் அட்லாண்டா அணி அவரை எடுத்தது. 1994 சீசனில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்காக சூப்பர் பவுல் கோப்பை (தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டம் அது), அடுத்த சீசனிலேயே டாலஸுக்காக இன்னொன்று. நடுவில் பேஸ்பாலும் தொழில்முறையாக ஆடினார். சூப்பர் பவுல், பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் இரண்டிலும் ஆடியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். 2011இல், மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்கும் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம். இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் நல்ல கோச்சாக வருவது அபூர்வம். தனக்குத் தானாக வந்ததை இன்னொருவனுக்குப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்க அவர்களுக்குப் பொறுமை இருக்காது என்பது என் எண்ணம்.

அவர் 2020 செப்டம்பரில் பொறுப்பேற்ற இடம் எது என்று பாருங்கள். மிசிசிப்பி மாநிலம், ஜாக்சன் நகரம். கறுப்பின மாணவர்களுக்காக 1877இல் தொடங்கிய கல்லூரி. 1962 வரை மிசிசிப்பி பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களை உள்ளேயே விடவில்லை. அந்தக் காலத்தில் திறமையான கறுப்பினப் பையன்கள் ஜாக்சன் ஸ்டேட் மாதிரியான கல்லூரிகளுக்குத்தான் வருவார்கள். ஃபுட்பாலின் பெரிய நட்சத்திரமான வால்டர் பேட்டன் இங்கிருந்து போனவர்தான். பெரிய கல்லூரிகள் கதவைத் திறந்ததும் திறமை எல்லாம் அங்கே போய்விட்டது. கதவு திறந்தது நியாயம். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது இந்தச் சின்னக் கல்லூரிகள். பாதி கட்டிய வசதிகள், குறைந்த பணம், இரண்டாம் அடுக்குப் போட்டி.

சாண்டர்ஸ் வந்து இரண்டே வருஷத்தில் மைதானத்துக்குச் சராசரியாக 40,000 பேருக்கு மேல் வந்தார்கள். 2021 டிசம்பரில் டிராவிஸ் ஹண்டர் என்ற பையன், நாட்டில் எந்தக் கல்லூரியும் வாரி எடுத்துக்கொள்ளும் திறமைசாலி, ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தவன், கடைசி நாளில் ஜாக்சன் ஸ்டேட் என்று சொல்லிவிட்டான். ஃப்ளோரிடா ஸ்டேட் சாண்டர்ஸ் படித்த கல்லூரி! அப்போது நான் டாலஸில் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பெரிய காலேஜ் கூப்பிட்டா சாண்டர்ஸ் அடுத்த நாளே பெட்டியைக் கட்டிடுவான், பாரு மாப்ள."

ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்னால் பார்த்த காட்சி எனக்கு மனசை விட்டுப் போகவில்லை. சாண்டர்ஸுக்குக் காலில் ரத்தம் கட்டி, ஆஸ்பத்திரியில் பல அறுவை சிகிச்சைகள். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் யாராலும் துரத்திப் பிடிக்க முடியாத கால் அது. சில ஆட்டங்கள் தவறிய பிறகு மோட்டார் வீல்சேரில் மைதானத்துக்குத் திரும்பினார். அந்தக் காலை நீட்டி வைத்தபடி, பையன்கள் ஓடுவதை உட்கார்ந்தே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். விளம்பரத்துக்காக வந்தவர் அன்று வீட்டில் படுத்திருப்பார். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

2022 ஆகஸ்ட் கடைசியில் ஜாக்சன் நகரத்தின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் கைவிட்டது. சுமார் 1,50,000 பேருக்கு நல்ல தண்ணீர் இல்லை. கழிப்பறையில் ஊற்றக்கூட இல்லை. சீசன் தொடங்கும் நேரம். பையன்கள் குளிக்க, சாப்பிட, தங்க இடம் தேட வேண்டியதாயிற்று. கோடை வெயிலில் பயிற்சி முடித்து வரும் பையனுக்கு ஐஸ் கிடைக்குமா என்று யோசிப்பதும் அங்கே கோச் வேலையில் சேர்த்தி. கொலராடோவில் அந்தக் கவலை கிடையாது.

சரி, போனார். 2022 டிசம்பர் 3 அன்று லீக் இறுதி ஆட்டத்தில் சதர்ன் அணியை 43–24 என்று ஜெயித்தார்கள். அன்றைக்கு ராத்திரியே பையன்களிடம் விடைபெறும் செய்தியைச் சொன்னார். எனக்கு உடனே போன் போட்ட அத்தான், "சொன்னேன்ல?" என்றார். கோபம் வந்தது. ஜாக்சனில் வருஷத்துக்கு 3,00,000 டாலர் சம்பளம். கொலராடோ ஐந்து வருஷத்துக்கு 2 கோடியே 95 லட்சம் டாலர் கொடுத்தது. அந்தச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து இரு என்று இன்னொரு மனிதரிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று பிறகுதான் தோன்றியது. பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் கல்லூரி கோச் என்ற நிலைமையை உண்டாக்கியது சாண்டர்ஸ் இல்லை.

கொலராடோவில் அவர் செய்த ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. போன முதல் கூட்டத்திலேயே, இருக்கிற பையன்களிடம் நீங்கள் வேறு கல்லூரி பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரிப் பேசினார். பெரும்பாலானவர்கள் போய்விட்டார்கள். முந்தைய சீசனில் 1–11 என்று, அதாவது ஒரு வெற்றி, பதினொரு தோல்வி என்று முடித்த அணிதான், ஆனாலும் அவர்கள் பதினெட்டு, இருபது வயசுப் பிள்ளைகள். வீல்சேரில் வந்த மனிதரா இப்படிப் பேசினார் என்று வருத்தமாக இருந்தது. அப்புறம் 2023இல் 4–8, 2024இல் 9–4, அவரோடு கொலராடோவுக்கு வந்த ஹண்டருக்கு, கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது, 2025இல் 3–9. நடுவில் புற்றுநோய் வந்து சிறுநீர்ப்பையை எடுத்தார்கள். அதோடும் மைதானத்துக்கு வந்து நின்றார்.

என் மனசு மாறியது கொலராடோவால் இல்லை. கறுப்பினக் கல்லூரிகளின் சாம்பியனைத் தீர்மானிக்கும் ஆட்டம் செலிப்ரேஷன் பவுல். சாண்டர்ஸ் கோச்சாக அதில் இரண்டு தடவை அணியைக் கொண்டுபோய் இரண்டு தடவையும் தோற்றவர். அவர் போன பிறகு ஜாக்சன் ஸ்டேட்டின் பொறுப்பு டி.சி. டெய்லருக்கு வந்தது. மிசிசிப்பிக்காரர், ஜாக்சன் ஸ்டேட்டிலேயே ஆடியவர், சாண்டர்ஸிடம் உதவி கோச்சாக இருந்தவர். பெயரெடுத்த ஆள் போய்விட்டார், இனி எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். 2024 டிசம்பரில் டெய்லர் அணி சவுத் கரோலினா ஸ்டேட்டை 28–7 என்று அடித்து அந்தக் கோப்பையைத் தூக்கியது. 2021இல் சாண்டர்ஸைத் தோற்கடித்த அதே எதிரணி.

ஆட்டம் முடிந்ததும் இந்தத் தடவை நான்தான் அத்தானுக்கு போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த டெய்லர் யாரு மாப்ள, அவரைப் பத்திச் சொல்லு" என்றார்.