இன்டர்வெல்லைப் பிடுங்க யார் அதிகாரம் கொடுத்தது?

வீட்டுப்பாடத்தில் ஒரு பக்கம் குறைந்தால் இன்டர்வெல் கட். வகுப்பில் பேசினால் இன்டர்வெல் கட். டிக்டேஷனில் தப்பு வந்தால், எல்லோரும் வெளியே போன பிறகு உட்கார்ந்து பத்து தடவை எழுத வேண்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு! ஏழு வயதுக் குழந்தையிடமிருந்து ஒரு நாளில் கிடைக்கும் பத்து நிமிடத்தையும் பிடுங்கிக்கொள்வது ஒழுக்கம் கற்றுக்கொடுப்பதாம். வேனிலிருந்து இறங்கும்போதே "இன்னைக்கும் வெளிய விடல்லம்மா" என்கிறாள் என் மகள். கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலையில் கேட்டாலும் மார்த்தாண்டத்தில் கேட்டாலும் தாய்மார்கள் சொல்வது ஒன்றுதான்.

அந்தப் பத்து நிமிடம் எப்படிப் போகிறது என்று ஒருநாள் ஆபீஸ் வராந்தாவில் நின்று பார்த்தேன். மணி அடித்தது. உடனே ஓட முடியாது, வரிசையில் நிற்க வேண்டும். வரிசை நேரே கழிப்பறைக்குப் போகிறது. அங்கே இன்னொரு வரிசை. திரும்பி வந்து பிஸ்கட் டப்பாவைத் திறந்து, பாதி தின்று, தண்ணீர் குடிப்பதற்குள் அடுத்த மணி. ஒரு பையன் தூணைச் சுற்றி இரண்டு சுற்று ஓடினான். "ஓடாதே, விழுந்திருவ" என்று ஒரு டீச்சர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த விளையாட்டு அந்த இரண்டு சுற்றுதான்.

விழத்தான் செய்வான். முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்து வைத்திருக்கிறார்கள். மண்ணில் விழுந்தால் தட்டிவிட்டு எழுந்திருப்பான், அந்தக் கல்லில் விழுந்தால் முட்டுத் தோல் உரிந்துவிடும். ஒரு பிள்ளைக்கு அப்படி உரிந்து, வீட்டிலிருந்து ஆள் வந்து சத்தம் போட்டார்களாம். அன்றிலிருந்து ஓடவே தடை. கல்லைப் பெயர்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, பிள்ளைகளை நிறுத்த வேண்டும் என்றுதான் தோன்றியிருக்கிறது. மீதி இருக்கிற இடத்தில் பள்ளி வேன்கள் நிற்கின்றன.

பி.டி. பீரியட் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, டைம்டேபிளில். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். கணக்கில் போர்ஷன் முடியவில்லை என்றால் அதை எடுத்துக்கொள்வார்கள், டெஸ்ட் வந்தால் எடுத்துக்கொள்வார்கள், ஆண்டு விழா வந்தால் வாரக்கணக்கில் காணாமல் போகும். பி.டி. சார் ஒருவர்தான், அவரும் பெரிய வகுப்புக் கபடி அணியோடு போய்விடுவார். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும், ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுப் பொருள் வேண்டும் என்று இருக்கிறது. உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்று வரும்போது மட்டும், நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், அதுவும் ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு என்று போட்டிருக்கிறார்கள். ஒன்று முதல் ஐந்து வரை அப்படி ஒருவரும் இல்லை. துள்ளிக் குதிக்கிற வயதுக்குத்தான் ஆளே இல்லை!

ஐந்து வயதிலிருந்து பதினேழு வரை, ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பின்லாந்தில் 45 நிமிடப் பாடம் என்றால் 15 நிமிடம் வெளியே விடுவது வழக்கம். அந்த நாட்டுப் பிள்ளைகள் படிக்காமலா போய்விட்டார்கள்? தண்டனைக்காகவோ பாடம் முடிப்பதற்காகவோ இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2013-லேயே சொல்லிவிட்டது. கண் விஷயத்தையும் பாருங்கள். சீனாவில் குவாங்சோ நகரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் அந்தப் பிள்ளைகளில் சுமார் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, அப்படி விடாத பள்ளிகளில் 40 சதவீதத்தை ஒட்டி. 2015-ல் வெளியான ஆய்வு இது. என் மகளின் வகுப்பில் கண்ணாடி போட்ட பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் மனதில் வருகிறது.

வீட்டில் விளையாடட்டுமே என்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. எங்கே? 2011 கணக்கெடுப்பில் சென்னையை அடுத்து மக்கள் நெருக்கம் கூடிய மாவட்டம் நம்முடையது, சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். நாங்கள் சின்னப் பிள்ளையில் கள்ளன் போலீஸ் விளையாடிய தோப்பு, விளையெல்லாம் இப்போது மதில் கட்டி வீடாகிவிட்டது. ரோட்டில் விடலாமென்றால் கல்லும் மண்ணும் ஏற்றிக்கொண்டு டாரஸ் லாரிகள் பறக்கின்றன. வேன், பள்ளி, டியூஷன் எல்லாம் முடிந்து வீடு வரும்போது இருட்டிவிடுகிறது. பத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஓட இன்றைக்கு மிச்சமிருக்கிற ஒரே இடம் பள்ளிக்கூடம்தான். அங்கேயும் உட்கார் என்றால்?

அடுத்தது மழை. ஜூனில் ஒரு மழை, அக்டோபர் நவம்பரில் இன்னொரு மழை, ஆகவே வெளியே விட முடியாதாம். ஷீட் போட்ட பெரிய ஷெட் ஒன்று நிற்கிறதே, அது ஆண்டு விழா டான்ஸ் பிராக்டிஸுக்கு மட்டும்தானா? ஸ்போர்ட்ஸ் டே அன்று வேகமாக ஓடுகிற நாலு பேரை ஓடவிட்டு, மற்ற பிள்ளைகளை வெயிலில் தொப்பியோடு உட்கார்த்திக் கைதட்டச் சொல்வதற்குப் பெயர் விளையாட்டா? குண்டாக இருக்கிற பிள்ளைக்கும் மெதுவாக ஓடுகிற பிள்ளைக்கும்தானே முதலில் ஓட வாய்ப்புக் கொடுக்க வேண்டும்?

டீச்சர்மாரை மட்டும் திட்டுவதற்கு எனக்கு மனசில்லை. "ரேங்க் குறைஞ்சா நீங்கதானே வந்து கேட்பீங்க" என்று ஒரு டீச்சர் முகத்துக்கு நேரே சொன்னார். உண்மைதான். எழுத்தறிவில் 91.75 சதவீதத்தோடு தமிழ்நாட்டிலேயே நம் மாவட்டம் முதலிடம் என்று 2011 கணக்கைக் காட்டிப் பெருமைப்படுகிறோம். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நிற்கிற ஒவ்வொருவரும் ஹேண்ட்ரைட்டிங், ஹிந்தி, அபாகஸ் என்றுதான் கேட்கிறார்கள். என் பிள்ளை இந்த வாரம் எவ்வளவு நேரம் ஓடினாள் என்று நான் கேட்டபோது பின் வரிசையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

எழுதியே கொடுத்திருக்கிறேன். எந்தக் காரணத்துக்காகவும் இன்டர்வெல்லைத் தண்டனையாக நிறுத்தக் கூடாது. காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம் வேண்டும். வேன்களை வெளியே நிறுத்திவிட்டு, ஒரு பக்கமாவது கல்லை எடுத்து மண் போட வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை பி.டி. பீரியடை வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது. பி.டி. சார் இல்லாவிட்டால் பரவாயில்லை, நாலு பந்தும் இரண்டு கயிறும் போதும், பார்த்துக்கொள்ள ஒரு டீச்சர் நின்றால் போதும், மற்றதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். நிர்வாகத்திடம் சொல்கிறோம் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள், இதுவரை பதில் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு எங்கள் வேனில் வரும் பிள்ளைகளின் தாய்மாரும் என்னோடு வருகிறார்கள். எழுத்தில் பதில் வராமல் நாங்கள் எழுந்திருக்கப்போவதில்லை.