ஊராட்சிகளுக்கு முன்மொழிவு எழுதித் தருவது யாருடைய வேலை?

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் அலுவலக வேலை முழுவதையும் பார்ப்பவர் ஊராட்சிச் செயலர் ஒருவர்தான். வீட்டு வரி, குடிநீர்க் கட்டண வசூல், தீர்மானப் புத்தகம், தெருவிளக்குப் புகார், கிராம சபைக் கூட்ட ஏற்பாடு, இணையதளத்தில் அன்றாடம் ஏற்ற வேண்டிய புள்ளிவிவரம் என எல்லாம் அவர் தலையில் விழுகின்றன. அந்த ஒருவரிடம்தான், குறிப்பிட்ட ஒரு திட்டத்தில் நிதி பெற விரும்பும் ஊராட்சிகள் இத்தனை நாள்களுக்குள் முன்மொழிவை அனுப்ப வேண்டும் என்ற சுற்றறிக்கையும் வந்து சேர்கிறது. நிலவரைபடம், மதிப்பீடு, தடையில்லாச் சான்று, கிராம சபைத் தீர்மானம் ஆகியவற்றை இணைத்து அந்த நாளுக்குள் அனுப்பக்கூடிய ஊராட்சி, ஏற்கெனவே ஓரளவு வசதியும் ஆள்பலமும் உள்ள ஊராட்சியாகவே இருக்கும். மற்ற ஊராட்சிகளில் அந்தச் சுற்றறிக்கை கோப்பில் சேர்ந்துவிடும்.

உள்ளாட்சிகளுக்கு நிதி இல்லை என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். அதில் உண்மை உண்டு. மாநிலங்கள் உள்ளாட்சிகளுக்குத் தர வேண்டிய அதிகாரத்தையும் பணத்தையும் இன்னும் முழுமையாகத் தரவில்லை. ஆனால் சில ஆண்டுகளாக ஊராட்சிகளுக்குத் திட்ட முன்மொழிவு எழுத உதவி வருபவன் என்ற முறையில் நான் கண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒதுக்கப்பட்ட பணமே, கேட்டு வாங்க ஆள் இல்லாததால், போக வேண்டிய ஊருக்குப் போகாமல் நிற்கிறது. இதை ஊராட்சித் தலைவர்களின் திறமைக் குறைவு என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. முன்மொழிவு எழுதுவது ஒரு தனித் தொழில். அதற்கான ஆளை அரசு எந்த ஊராட்சிக்கும் தரவில்லை.

உள்ளாட்சிக்கு வரும் பணம் இரண்டு வகைப்படும். முதலாவது, கேட்காமலே கணக்குப்படி வருவது. ஒன்றிய அரசின் வரிப்பணத்தைப் பிரித்துத் தரும் முறையைப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு நாடு முழுவதும் உள்ள உள்ளாட்சிகளுக்கு 4,36,361 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது; அதில் ஊரக உள்ளாட்சிகளின் பங்கு 2,36,805 கோடி. அந்த ஊரக மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று விதி இருந்தது. மீதி 40 விழுக்காட்டை ஊரின் தேவைக்கு ஏற்பச் செலவிடலாம், ஆனால் சம்பளத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்றும் இருந்தது. இந்தக் கடைசி நிபந்தனை கவனிக்கத் தக்கது. பணத்தைத் திட்டமாக மாற்றுவதற்கு ஓர் ஆளை அமர்த்த ஊராட்சி விரும்பினாலும் இந்தப் பணத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை.

இரண்டாவது, கேட்டால் மட்டுமே கிடைப்பது, அல்லது கணக்கில் இடம் இருந்தாலும் திட்டம் தீட்டிக் காட்டினால் மட்டுமே விடுவிக்கப்படுவது. தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவு இரண்டாம் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். 5,000 பேர் வரை வாழும் ஊருக்குத் திடக்கழிவு மேலாண்மைக்கு ஒருவருக்கு 60 ரூபாய் வீதமும், கழிவுநீர் மேலாண்மைக்கு ஒருவருக்கு 280 ரூபாய் வீதமும் அதில் உச்சவரம்பு வகுக்கப்பட்டது. 4,000 பேர் வாழும் ஊர் என்றால் கழிவுநீருக்கு மட்டும் 11 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய். இதில் 70 விழுக்காடு இயக்கத்தின் நிதி, 30 விழுக்காடு நிதி ஆணைய மானியத்திலிருந்து ஊராட்சி போட வேண்டியது. ஆகவே அந்த ஊராட்சி தன் ஆண்டுத் திட்டத்தில் 3 இலட்சத்து 36 ஆயிரம் ரூபாயை முன்கூட்டியே இதற்கென ஒதுக்கியிருக்க வேண்டும். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் எனப்படும் அந்த ஆண்டுத் திட்டத்தில் அந்தப் பணி இடம்பெறாவிட்டால், ஊராட்சிகளின் திட்டத்தையும் கணக்கையும் பதியும் இ-கிராம சுவராஜ் இணையதளத்தில் அதற்குப் பணம் போட வழி இல்லை. இரண்டு திட்டங்களின் விதிகளையும் ஒருசேர அறிந்தவர் ஒருவர் ஊராட்சியோடு உட்கார்ந்து பேசியிருந்தால் தெருவில் தேங்கும் சாக்கடை நீருக்கு வழி பிறந்திருக்கும். அப்படி யாரும் வராததால், அந்த ஆண்டும் பணம் வேறொன்றுக்குப் போகிறது.

இப்படியே நிதி வரும் ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு தனி முறை இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி, சட்டமன்ற உறுப்பினருக்கு 3 கோடி. இவற்றில் உறுப்பினர் பரிந்துரை மட்டுமே செய்வார், அனுமதி மாவட்ட நிருவாகத்திடமிருந்து வர வேண்டும். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பகுதி திரட்ட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கு ஐந்தில் ஒரு பகுதி போதும் என்ற சலுகை இருக்கிறது. அந்தச் சலுகையை அறியாத பகுதி மக்கள், மூன்றில் ஒரு பங்கு தங்களால் முடியாது என்று தொடக்கத்திலேயே கைவிட்டுவிடுவார்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியோ 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காடு செலவிட வேண்டியது. ஆனால் அதைக் கேட்கும் விண்ணப்பத்தின் மொழியும் வடிவமும் அரசு முன்மொழிவிலிருந்து முற்றிலும் வேறானவை.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் முன்மொழிவு என்றால் நல்ல தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு கடிதம் எழுதுவது என்று நினைக்கிறார்கள். கடிதம் அதில் மிகச் சிறிய பகுதி. பெரும்பாலான முன்மொழிவுகள் நிலத்தில்தான் தடுக்கி விழுகின்றன. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கோ, உரக்குடிலுக்கோ, அங்கன்வாடிக்கோ காட்டப்படும் இடம் எந்தப் புல எண்ணில் வருகிறது, வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அதன் வகைப்பாடு என்ன, அது நீர்நிலைப் புறம்போக்கா, மேய்க்காலா, வேறு துறைக்கு உரியதா என்பதெல்லாம் முன்பே தெளிவாகியிருக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் இதைத் தேடத் தொடங்கினால் கடைசி நாள் கடந்துவிடும். ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் ஒருவர் பல ஊராட்சிகளுக்கு மதிப்பீடு போட வேண்டியிருப்பதால் அங்கும் காத்திருக்க வேண்டும். எனவே உதவி என்பது அறிவிப்பு வருவதற்கு ஓர் ஆண்டு முன்பே தொடங்க வேண்டும். நிலம் உறுதி செய்யப்பட்டு, மதிப்பீடு போடப்பட்டு, தீர்மானம் நிறைவேற்றப்பட்ட நான்கைந்து பணிகள் ஒவ்வொரு ஊராட்சியிலும் எப்போதும் தயாராக இருந்தால், எந்த வாயில் திறந்தாலும் அதற்குப் பொருந்தும் பணியை அனுப்பலாம்.

இந்த வெற்றிடத்தை யாரும் நிரப்பவில்லை என்று சொல்ல முடியாது. ஒப்பந்ததாரர்கள் நிரப்புகிறார்கள். எந்தத் திட்டத்தில் பணம் வருகிறது என்பதைத் தலைவருக்கு முன்பே அறிந்து, மதிப்பீட்டையும் தயார் செய்து கொண்டுவந்து, தீர்மானம் மட்டும் போட்டுக் கொடுங்கள் என்று கேட்பவர்களைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். அவர்களில் நேர்மையானவர்களும் உண்டு. ஆயினும் முன்மொழிவை எழுதுபவர் யாரோ, அவரே ஊருக்கு என்ன தேவை என்பதையும் தீர்மானிக்கிறார். விரைவில் முடிந்து விரைவில் பணத்துக்குப் பட்டியல் போடக்கூடிய பணிகளான பேவர் பிளாக் தெருவும் சிமெண்ட் சாலையும் சுற்றுச்சுவரும் முன்னே வருகின்றன. நிலத்தடியில் மறைந்துபோகும் கழிவுநீர்க் குழாயும், வரத்துக் கால்வாய் சீரமைப்பும் பின்னுக்குப் போகின்றன. கிராம சபையில் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் பணிகள் எத்தனை ஆண்டுகளானாலும் பட்டியலிலேயே கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எழுதத் தெரிந்த, கணக்குப் பார்க்கத் தெரிந்த தலைமை ஓர் ஊருக்கு வாய்த்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கோவை மாவட்டத்தின் ஓடந்துறையை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறோம். தலைவர் சண்முகத்தின் முயற்சியால் அந்த ஊராட்சி 2006இல் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலையை நிறுவியது. தன் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்து அதைச் செய்தது; உபரி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. பெருமைக்குரிய செய்திதான். ஆனால் ஓடந்துறையைப் பாராட்டி முடிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு வருத்தம் மிஞ்சுகிறது. ஒரு தலைவரின் தனித்திறனை நம்பி ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளை விட்டுவிட முடியாது. அப்படிப்பட்டவர் பிறக்காத ஊரில் வாழும் மக்களும் அதே தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும்.

கேரளத்தில் 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்க முடிவு செய்தபோது இதே சிக்கல் பெரிய அளவில் எழுந்தது. ஊர்கள் தீட்டிய திட்டங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. பலவற்றில் தொழில்நுட்பக் குறைகளும் செலவுக் கணக்குக் குறைகளும் இருந்தன. அப்போது அவர்கள் ஓய்வுபெற்ற பொறியாளர்கள் உள்ளிட்ட துறை அறிவுடையோரைத் தன்னார்வத் தொழில்நுட்பப் படையாகத் திரட்டினார்கள். திட்டங்களைத் திருப்பி அனுப்பாமல் உடனிருந்து சரிசெய்து கொடுப்பது அவர்களுடைய பணியாக இருந்தது. ஆய்வு செய்பவரும் உதவி செய்பவரும் ஒருவராக இருக்கலாம் என்ற அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம் ஊரில் குறை கண்டு திருப்பி அனுப்புவதோடு மேலதிகாரியின் கடமை முடிந்துவிடுகிறது.

நான் கேட்பது இதுதான். தமிழ்நாட்டின் 388 ஊராட்சி ஒன்றியங்களிலும் திட்டம் தயாரித்துத் தரும் சிறு பிரிவு ஒன்று வேண்டும். ஒரு பொறியாளர், நில ஆவணம் அறிந்த ஒருவர், கணக்கும் எழுத்தும் தெரிந்த ஒருவர் என மூவர் போதும். அவர்கள் வட்டார வளர்ச்சி அலுவலரின் அன்றாட வேலைகளுக்கு இழுக்கப்படாமல் இருக்க வேண்டும். ஒன்றியத்தில் நிதி வாங்கத் தெரியாமல் மிகவும் பின்தங்கிய ஊராட்சியிலிருந்து தங்கள் வேலையைத் தொடங்க வேண்டும். மறைமலைநகரில் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனமும் பவானிசாகர், தே. கல்லுப்பட்டி, பட்டுக்கோட்டை உள்ளிட்ட இடங்களில் மண்டல நிறுவனங்களும் இருக்கின்றன. தலைவர்களுக்கு நடத்தப்படும் பயிற்சியில் சட்டப் பிரிவுகளைச் சொல்வதோடு நிறுத்தாமல், ஒவ்வொருவரும் தன் ஊருக்கான ஒரு முன்மொழிவை உண்மையில் முடித்துக் கொண்டு வீடு திரும்பும்படி அதை மாற்ற முடியும். பேரூராட்சிகளுக்கும் இது பொருந்தும். நகராட்சிகள் சேவைகளைப் பகிர்ந்துகொள்வதற்காகவே 15ஆவது நிதி ஆணையம் 450 கோடி ரூபாயைத் தனியே குறித்தது என்பது, சிறிய அமைப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியே எல்லா வல்லுநர்களையும் வைத்துக்கொள்ள முடியாது என்பதை ஆணையமே ஏற்றுக்கொண்டதைக் காட்டுகிறது.

குடிநீர், கழிவுநீர் போன்ற அடிப்படைத் தேவைகளுக்கான பணத்தைப் போட்டி வைத்துக் கொடுக்கவே கூடாது என்பதும் என் கருத்து. சிறந்த முன்மொழிவுக்குப் பரிசு என்ற முறை, உதவி கிடைத்த ஊருக்கு மேலும் உதவுகிறது. மக்கள்தொகை, வறுமை, நீர்த் தட்டுப்பாடு ஆகியவற்றைக் கணக்கிட்டு நேரடியாகப் பிரித்துக் கொடுப்பதே நியாயம்.

வாங்கிய பிறகான வேலையும் உதவியின் பகுதியே. பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால் அடுத்த தவணை வராது. முந்தைய ஆண்டின் கணக்கும் அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் இணையத்தில் இருக்க வேண்டும் என்பது நிதி ஆணைய மானியத்தின் நிபந்தனை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனைதான். 2016 முதல் 2019 வரை தேர்தல் நடைபெறாததால் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளுக்கான மத்திய மானியம் நிறுத்தி வைக்கப்பட்டதை நாம் மறந்துவிடக் கூடாது. 2025 ஜனவரி 5ஆம் நாள் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக அரசு அமர்த்தும் தனி அலுவலர்கள் மீண்டும் பொறுப்புக்கு வந்தபோது எனக்கு ஏற்பட்ட முதல் கவலையும் இதைப் பற்றியதே. எத்தனை நல்ல முன்மொழிவு எழுதினாலும், தேர்தல் நடத்தாத அரசின் குறையை ஓர் ஊராட்சியால் ஈடுகட்ட முடியாது.

பொதுப்பணித் துறையிலும் குடிநீர் வடிகால் வாரியத்திலும் வருவாய்த் துறையிலும் வங்கிகளிலும் பணியாற்றி ஓய்வுபெற்றுச் சொந்த ஊரில் வாழும் நண்பர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். அரசு ஒன்றியந்தோறும் பிரிவு அமைக்கும் வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஊராட்சி அலுவலகத்துக்குச் சென்று கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தின் படியைக் கேளுங்கள். அதில் நிலம் உறுதி செய்யப்படாத பணிகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் புல எண்ணையும் வகைப்பாட்டையும் எடுத்துச் செயலரிடம் எழுத்தில் கொடுங்கள். அடுத்த கிராம சபையில் அந்தப் பட்டியலைப் படிக்கச் சொல்லுங்கள். ஊர் எந்தப் பணியை முதலில் வைக்கிறதோ, அதற்கான மதிப்பீட்டைப் போட உதவுங்கள்.